சிவப்பு ஐசிக்கு ஊசி உண்டா?

2021 மார்ச்சில் ஒரு மாலை, கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தேன். நான்காம் மாடிப் பாட்டி பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன் தம்பி, சிவப்பு ஐசிக்கெல்லாம் ஊசி போடுவாங்களா?"

பாட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பிறப்புப் பத்திரம் எடுக்க வேண்டும் என்று அவர் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. குடியுரிமைக்கு மூன்று முறை மனுப் போட்டும் கையில் இருப்பது நிரந்தரவாசி என்னும் சிவப்பு அடையாள அட்டை, அதாவது சிவப்பு ஐசிதான். அவர் பிள்ளைகளுக்குக் குடிமக்களின் நீல அட்டை. இதே சமூகத்தில் தற்காலிகவாசி என்னும் பச்சை அட்டைக்காரரும் உண்டு, எந்த அட்டையும் இல்லாதவரும் உண்டு. சில வீடுகளில் எல்லா நிறமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

ஊசி உண்டு என்று சொன்னேன். நாட்டில் வசிக்கும் எல்லாருக்கும், குடிமக்களோ அந்நியரோ, நாடற்றவரோ ஆவணமற்றவரோ, இலவசமாகக் கொவிட் தடுப்பூசி என்று மலேசிய அரசாங்கம் பிப்ரவரியிலேயே அறிவித்திருந்தது. பாட்டி தலையாட்டினாரே தவிர நம்பவில்லை. அவர் பக்கவிளைவைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த நாட்டு மருந்து என்றும் கேட்கவில்லை. அரசாங்கத்தின் கணக்கில் தான் இருக்கிறேனா என்பதுதான் அவர் கேள்வி. தடுப்பூசி இயக்கம் ஒன்று வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு நிருவாகம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது என நான் நினைக்கிறேன். மலேசியாவின் 2021ஆம் ஆண்டை அப்படித்தான் படிக்க வேண்டும்.

யார் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மருத்துவமும் சுகாதாரமும் கூட்டரசின் பொறுப்பு. பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பும் கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியலில் இருக்கின்றன. காகிதத்தில் பங்கு இருந்தாலும் மருத்துவமனை, கிளினிக், தாதியர், மருந்துப் பதிவு எல்லாம் கூட்டரசு நிருவாகம் இருக்கும் புத்ராஜெயாவின் கையில்தான். அதனால் மாநிலங்கள் தொடக்கத்தில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பினாங்கு மாநிலத்துக்கு சீனாவின் சினோவேக் தடுப்பூசியில் 20 இலட்சம் தவணைகளை நன்கொடையாகத் தருவதாக வந்த ஒரு கடிதம் அந்த ஆண்டு பெரிய சர்ச்சையானது. மாநிலம் அனுமதி கேட்டது, பிறகு அந்தக் கடிதமே போலி என்று தெரியவந்தது. மருந்துக்கு ஏங்கி நிற்கும் மாநிலத்திடம் வாங்கும் அதிகாரம் இல்லாதபோது இப்படிப்பட்ட கடிதங்களுக்கு மதிப்பு வந்துவிடுகிறது. சிலாங்கூர் பின்னர் சொந்தப் பணத்தில் சினோவேக் வாங்கி, செல்வேக்ஸ் என்ற பெயரில் தனித் திட்டம் நடத்தியது.

அதற்காக மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக வாங்கியிருந்தால் நன்றாக நடந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. 2021 மே மாதம் இந்தியாவில் மாநிலங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டபோது, தமிழ்நாடு 3.5 கோடி தவணைகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. பெரிய மருந்து நிறுவனங்கள் நாட்டின் அரசோடுதான் பேசின. மொத்தமாக வாங்குவது ஒரே கையாக இருந்து, பகிர்வது பல கைகளாக இருப்பதே சரியாக வருகிறது. கோலாலம்பூர் இதைக் கற்றுக்கொள்ள ஜூலை வரை ஆனது.

வாங்குவதற்கென்று ஒரு சிறப்புக் குழு இருந்தது. சுகாதார அமைச்சரும், அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்க அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடினும் அதற்கு இணைத் தலைவர்கள். 2021 பிப்ரவரி தொடக்கத்தில் தடுப்பூசித் திட்டம் முழுவதையும் ஒருங்கிணைக்கும் அமைச்சராகக் கைரி நியமிக்கப்பட்டார். சுகாதார அமைச்சு இருக்க, வேறு அமைச்சர் எதற்கு என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். எனக்கும் அது வினோதமாகத்தான் பட்டது. ஆனால் இந்த வேலையில் மருத்துவம் ஒரு பகுதிதான். விமானம், குளிர்பதனக் கிடங்கு, மண்டபம், தன்னார்வலர், கணினி, காவல்துறை, மாநில அரசு என்று பத்து இடங்களில் ஒரே நாளில் முடிவு எடுக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல ஒரே ஆள் இருந்தது நல்லது. தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்று மக்களுக்கும் தெரிந்திருந்தது.

முதல் விமானம் பிப்ரவரி 21ஆம் தேதி கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் இறங்கியது. அதில் வந்தவை 312,390 ஃபைசர் தவணைகள். மூன்று நாள் கழித்து அப்போதைய பிரதமர் முகிடின் யாசின் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லாவும் அன்றே போட்டுக்கொண்டார்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 12 முதல் ஆகஸ்ட் 1 வரை நாட்டில் அவசரகாலப் பிரகடனம் நடப்பில் இருந்தது. ஜூலை இறுதி வரை நாடாளுமன்றம் கூடவில்லை. தடுப்பூசித் திட்டத்துக்கு 500 கோடி வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கப்பட்டது. பெட்ரோலியப் பணம் சேரும் தேசிய அறக்கட்டளை நிதியிலிருந்தும் தடுப்பூசி வாங்கலாம் என்று ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் விதியை மாற்றியது. எதிர்காலத் தலைமுறைக்கென்று வைத்த பணம் அது. உயிர்காக்க அதை எடுத்தது தவறு என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவை மக்களவையில் வைத்து, இத்தனை தவணை, இன்ன விலை, இன்ன காரணம் என்று பேசி எடுத்திருக்கலாம். அவை பூட்டிக் கிடந்த மாதங்களில் காப்பிக் கடைகளில் வதந்திகள் பேசப்பட்டன. கொவிட் பற்றிப் பொய்ச்செய்தி பரப்பினால் தண்டனை என்று மார்ச் 12 முதல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பயந்து ஊசி போட்டுக்கொண்டவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பயந்து, சந்தேகத்தை வெளியே கேட்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

தொடக்கத்தில் எல்லாம் மெதுவாகத்தான் போனது. ஏப்ரல் முதல் வாரத்தில் பதிவு செய்திருந்தவர்கள் ஏறக்குறைய 70 இலட்சம் பேர். வந்தால் போடலாம் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது 2 கோடியே 40 இலட்சம் பேரை. மக்களுக்குத் தயக்கம் என்று செய்திகள் கூறின. தயக்கம் இருந்தது உண்மைதான், ஆனால் நான் கண்ட வரையில் பாதித் தயக்கம் கைப்பேசியில் இருந்தது. பதிவுக்கான முக்கிய வழி அரசாங்கத்தின் மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலி. எங்கள் மாடியில் முதியவர்கள் பலருக்குப் பொத்தான் கைப்பேசிதான். மகனுடைய எண்ணில் அம்மாவைச் சேர்க்கலாம் என்று தெரியாத மகன்கள் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாங்கள் நாலைந்து பேர் பதிந்து கொடுத்தோம். ஊசியே வேண்டாம் என்று எழுந்து போனவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் கேட்டதெல்லாம் எங்கே போக வேண்டும், யார் கூட்டிப்போவார், ஐசி நிறம் பரவாயில்லையா என்பவைதான். மின்னல் எஃப்எம் தமிழ் வானொலியில் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. தமிழில் ஒரு குரல் சொன்னதும்தான் அது தங்களுக்கும் சொல்லப்பட்ட செய்தி என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

இந்த நேரத்தில் அஸ்ட்ராஸெனெக்கா வந்தது. இரத்தம் உறைதல் பற்றிய செய்திகள் ஐரோப்பாவிலிருந்து பரவி, அந்த ஊசி என்றால் வேண்டாம் என்று பலர் பின்வாங்கினார்கள். அரசாங்கம் இரண்டில் ஒன்றைச் செய்திருக்கலாம். கொடுப்பதைப் போட்டுக்கொள் என்று கட்டாயப்படுத்தியிருக்கலாம், இல்லையென்றால் மருந்தைத் தூக்கி வைத்திருக்கலாம். ஏப்ரல் இறுதியில் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்கள். அந்த மருந்தைப் பொதுத் திட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, விரும்புகிறவர்கள் தாங்களே முன்பதிவு செய்துகொள்ளலாம் என்று சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் திறந்துவிட்டார்கள். மே 2ஆம் தேதி 2 இலட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்தன. மே 26இல் இரண்டாம் சுற்று. 9½ இலட்சம் இடங்கள் ஏறக்குறைய ஒரே மணி நேரத்தில் போயின. யாரும் தீண்டாத மருந்து என்று பேசப்பட்டதற்கு மக்கள் இணையத்தில் முட்டி மோதினார்கள்.

இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆபத்து இவ்வளவு, பயன் இவ்வளவு என்று எண்ணிக்கையோடு சொல்லிவிட்டு முடிவை மக்களிடம் விட்டார்கள். ஆனால் முந்துபவருக்கே முதலிடம் என்ற முறை நல்ல இணையமும் ஓய்வான மதியமும் உள்ளவர்களுக்குச் சாதகமானது. தொழிற்சாலையில் கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வேலை செய்பவர் பன்னிரண்டு மணிக்குத் திரையைத் தட்ட முடியாது. இளம் அலுவலக ஊழியர்கள் ஊசி போட்டு முடித்த பிறகும் எங்கள் மாடிப் பாட்டி காத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜூன், ஜூலை மாதங்களை நினைத்தால் இன்னமும் நெஞ்சு கனக்கிறது. கோலாலம்பூரும் சிலாங்கூரும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் மருத்துவமனைகள் நிரம்பின. உணவில்லாத வீடுகளின் சன்னலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். எங்கள் புளோக்கிலும் மூன்று கொடிகள் தெரிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டில் 31 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கொவிட்டால் இறந்திருந்தார்கள்.

திட்டத்தின் போக்கு மாறியது அந்த ஜூலையில்தான். மாநிலங்களுக்கு விகிதப்படி பிரித்துக்கொண்டிருந்ததை விட்டு, தொற்று எரியும் இடத்தில் மருந்தைக் கொட்டுவது என்று முடிவானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் ஆகஸ்ட் 1க்குள் ஒரு தவணையாவது போட்டுவிட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். தனியார் கிளினிக்குகள் பெரிய அளவில் சேர்க்கப்பட்டன. பி.பி.ஆர். என்னும் மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு ஊசி லாரிகள் வந்தன. தொழிற்சாலைகளுக்குத் தனித் திட்டம் இருந்தது. முன்பதிவு இல்லாமலும் வரலாம் என்று பிறகு கதவைத் திறந்தார்கள். ஜூலை இறுதியில் ஒரே நாளில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட தவணைகள் போடப்பட்டன. இவ்வளவுக்கும் மருந்து அதே மருந்துதான். வரத்து கூடியது ஒரு காரணம், கொடுக்கும் வழிகளைப் பெருக்கியது இன்னொரு காரணம்.

இந்த வேகத்துக்கு விலையும் இருந்தது. கோலாலம்பூர் மைதெக் கண்காட்சி அரங்கில் இயங்கிய தடுப்பூசி மையத்தில் பணியாளர், தன்னார்வலர் 204 பேருக்குத் தொற்று உறுதியாகி, ஜூலை 13ஆம் தேதி மையத்தை ஒரு நாள் மூடினார்கள். காலி ஊசி குத்தியதாகக் காணொளிகள் பரவின. உடனே ஒரு விதி வந்தது: ஊசியில் மருந்து இருப்பதைப் போடுமுன் காட்ட வேண்டும், போட்ட பின் காலியாக இருப்பதையும் காட்ட வேண்டும், விரும்புகிறவர் படம் எடுத்துக்கொள்ளலாம். நம்பிக்கையை மீட்டெடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஜூலை 26இல் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து மறியல் செய்தார்கள். பகலும் இரவும் உழைத்துக்கொண்டிருந்த அந்த இளம் மருத்துவர்களுக்குத் தங்கள் பணி நிரந்தரமா என்பதே தெரியாது. அவர்களுக்குக் கைதட்டிய நாடு அவர்களின் சம்பளப் பட்டியலைச் சரிசெய்ய மறந்திருந்தது.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஜூலையில் சுகாதார அமைச்சு தினசரி எண்ணிக்கைகளை யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயும் வடிவில் வெளியிடத் தொடங்கியது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு மருந்து போனது என்பதும் பொதுவில் வந்தது. தங்கள் மாநிலம் ஏமாற்றப்படுகிறது என்ற பேச்சுக்கு மறுப்பு அறிக்கைகளைவிட அந்த அட்டவணைகள் நல்ல பதிலாக இருந்தன. ஊசியால் கடும் பாதிப்பு வந்தால் உதவ அரசாங்கம் ஒரு கோடி வெள்ளி நிதியும் அமைத்திருந்தது. உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 5 இலட்சம் வெள்ளி வரை என்று விதி. பாதிப்பே வராது என்று சொல்லி ஊசி போடுவதைவிட, வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் கொடுப்பது நேர்மையானது.

இனி ஆவணமற்றவர்களின் கதை. எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இது. மஸ்ஜிட் இந்தியா வட்டாரம் கோலாலம்பூர்த் தமிழர்களுக்குச் சொந்த முற்றம் மாதிரி. உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் நகைப் பட்டறையிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்வார்கள். 2020 மே 1ஆம் தேதி, தொற்றைத் தடுக்க அந்தப் பகுதி முள்வேலிக்குள் அடைபட்டிருந்த நேரத்தில், குடிநுழைவுத் துறை அங்கே நுழைந்து நூற்றுக்கணக்கான அந்நிய நாட்டவரைக் கைது செய்தது. பரிசோதனைக்கு வரும் ஆவணமற்றோரைப் பிடிக்கமாட்டோம் என்று அதற்கு முன் சொல்லப்பட்டிருந்தது.

அந்த நினைவு ஆறுவதற்குள் 2021 பிப்ரவரியில் எல்லாருக்கும் ஊசி என்ற அறிவிப்பு. மே இறுதியில் உள்துறை அமைச்சர் ஆவணமற்றவர்களுக்குத் தடுப்பூசி கிடையாது, அவர்களைப் பிடிப்போம் என்ற பொருளில் பேசினார். ஜூன் தொடக்கத்தில் சைபர்ஜெயாவில் ஒரு கட்டுமானத் தளத்தில் சோதனை நடந்து பலர் கைதானார்கள். ஒரே அரசாங்கத்தில் ஓர் அமைச்சு வா என்றது, இன்னோர் அமைச்சு வந்தால் பிடிப்பேன் என்றது. கிருமிக்கு இந்த அமைச்சுப் பிரிவினை தெரியாது. மருத்துவமனைக்கு வருமுன்பே இறந்தவர்களில் அந்நிய நாட்டவர் கணிசமாக இருந்தார்கள். கடைசி மூச்சு வரை ஒளிந்திருந்தவர்கள் அவர்கள். ஆகஸ்டில் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு அந்நிய நாட்டவர் முன்பதிவின்றி வரலாம் என்றதும் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். வெயிலிலும் நெரிசலிலும் நின்ற அந்த வரிசையின் படங்களைப் பார்த்தபோது, இவர்களுக்கா ஊசியில் தயக்கம் என்று கேட்கத் தோன்றியது.

நம் தாத்தா பாட்டிகளை நினைத்துக்கொண்டேன். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் கூலி முகாமில் அம்மை குத்தி, கப்பலேற்றி, பினாங்கு கரையில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். என் பாட்டியின் இடது தோளில் அந்தத் தழும்பு காசு அளவுக்கு இருக்கும். வெள்ளைக்காரன் ஒருவரையும் விடாமல் குத்தினான், ஏனென்றால் ஒவ்வொருவரும் கூலிக் கணக்கில் இருந்தார்கள். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் பெயர் கூப்பிட்டால் கையை நீட்ட வேண்டியதுதான். சுதந்திர நாடு அப்படிச் செய்யக் கூடாது, செய்யவும் இல்லை. ஆனால் கூப்பிட்டு வரவழைக்க வேண்டுமானால், பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, வந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது என்ற இரண்டு வாக்குகளையும் எல்லா அமைச்சுகளும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும்.

2021 ஆகஸ்ட் 16இல் முகிடின் பதவி விலகினார். 21ஆம் தேதி இஸ்மாயில் சப்ரி பிரதமரானார். அந்த வாரங்களில் தினசரித் தொற்று உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 26இல் 24,599. ஆட்சி ஆடிக்கொண்டிருந்தபோதும் மண்டபங்களில் ஊசி நிற்கவில்லை. கொள்முதல் ஒப்பந்தங்கள் முன்பே கையெழுத்தாகியிருந்தன, பணிக்குழு அமைச்சரவையோடு கலையவில்லை, கைரியே புதிய சுகாதார அமைச்சரானார். அக்டோபர் 10இல் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தனர். மறுநாள் மாநில எல்லைகள் திறந்தன. பினாங்கில் இருக்கும் அக்காவைப் பல மாதம் கழித்து நான் பார்த்தது அந்த வாரத்தில்தான்.

எல்லை திறப்பையும் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் தடுப்பூசியோடு இணைத்தது பலருக்குப் பிடிக்கவில்லை. கூட்டரசு அரசு ஊழியர்கள் நவம்பர் 1க்குள் போட்டிருக்க வேண்டும் என்பது கட்டாயமே. கட்டுப்பாடுகளைப் படிப்படியாகத் தளர்த்தும் தேசிய மீட்சித் திட்டம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தடுப்பூசி அளவை முன்கூட்டியே வைத்திருந்தது: இரண்டாம் கட்டத்துக்கு 10 விழுக்காடு, மூன்றாவதுக்கு 40, நான்காவதுக்கு 60. அளவுகோல் முன்பே தெரிந்திருந்ததால் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் சலுகையை நம்பி ஓட்டிய வண்டி சலுகை தீர்ந்ததும் நின்றுவிடும்.

அதைத்தான் 2022 பிப்ரவரியில் பார்த்தோம். ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கான திட்டம் தொடங்கியது. அந்த வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேர்கூட இரண்டாம் தவணையை முடிக்கவில்லை. எந்த எல்லையும் அதற்காக மூடியிருக்கவில்லை, நோயின் பயமும் குறைந்திருந்தது. பிள்ளைகளுக்கு ஊசி போட்டது பெரும்பாலும் மருத்துவமனையிலும் மண்டபத்திலும் தனியார் கிளினிக்கிலும்.

நான்காம் மாடிப் பாட்டி ஜூலையிலேயே லாரிக்காரர்களிடம் போட்டுக்கொண்டுவிட்டார். சிவப்பு ஐசியை வாங்கிப் பார்த்த தாதி நிறத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்று மாடி மாடியாகப் போய்ச் சொன்னார். இப்போது கேள்வி கேட்டது அவர் பேத்தி. ஒன்பது வயது மகனுக்கு ஊசி போடலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

"முதலாம் ஆண்டுல ஸ்கூல்லயே நர்ஸ் வந்து போட்டாங்க அண்ணே, ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன், ஒண்ணும் யோசிக்கல," என்றார். "இத மட்டும் ஏன் ஸ்கூல்ல போடல?"